கொட்டாவியை அடக்குவதா, ஆயுதமாக்குவதா: சாமுராய் நூல்களில் எதை முதலில் எடுப்பது?

சாமுராய் நூல்களைத் தேடிப் போகிறவர்கள் பொதுவாக மூன்று குறைகளில் ஒன்றைச் சொல்வார்கள். நினைத்ததை நினைத்த நேரத்தில் செய்ய முடியவில்லை. போட்டியிலோ வேலையிலோ எதிரில் இருப்பவரை எப்படிச் சமாளிப்பது என்று பிடிபடவில்லை. மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. இதற்கெல்லாம் மருந்தாகக் கடையிலும் இணையத்திலும் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது நாலைந்து நூல்கள்தான்: வாள்வீரர் மியாமோதோ முசாஷியின் ஐந்து வளையங்களின் நூல், யாக்யூ முனெனோரி தன் குடும்பத்துக்காக எழுதிவைத்த வாள்கலை நூல், தாகுவான் என்ற ஜென் துறவி அந்த முனெனோரிக்கு எழுதிய கடிதம், யாமாமோதோ ட்சுனேதோமோ சொல்லச் சொல்ல எழுதப்பட்ட ஹாகாகுரே, அப்புறம் நிதோபே இனாசோவின் புஷிடோ. எல்லாம் ஒரே அலமாரியில் இருப்பதால் உள்ளே இருப்பதும் ஒரே சரக்கு என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் இவர்களை ஒரு அறையில் உட்காரவைத்தால் சண்டைதான் நடக்கும்.

எதை எடுப்பது என்று முடிவு செய்ய என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கிறது. எழுதியவர் அந்த நேரத்தில் என்ன வேலையில் இருந்தார், யாரிடம் சம்பளம் வாங்கினார் என்று பாருங்கள். உங்கள் நிலைமைக்கு யாருடைய நிலைமை கிட்ட வருகிறதோ அவரை எடுங்கள். தலைப்பையும் அட்டைப் படத்தையும் வைத்துத் தேர்ந்தெடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அதற்கு முன் ஒரு விஷயம். 1600இல் செகிகஹாரா போர், 1615இல் ஒசாகா கோட்டை விழுந்தது, அதோடு, ஷோகன் என்ற படைத்தலைமை ஆட்சியாளர்களாக நாட்டை ஆண்ட தோகுகவா குடும்பத்துக்கு எதிரி என்று யாரும் மிஞ்சவில்லை. 1637-38இல் ஷிமாபாராவில் நடந்த கலகத்தை விட்டுவிட்டால், அடுத்த இருநூறு வருஷத்துக்கும் மேலாக ஜப்பானில் பெரிய போர் இல்லை. நான் சொன்ன நூல்கள் எல்லாமே 1615க்குப் பிறகு எழுதப்பட்டவை. அதாவது வாள் இடுப்பில் இருக்கிறது, அதற்கு வேலை இல்லை (நிதோபே எழுதும்போது இடுப்பிலும் இல்லை). அந்த வேலையில்லாத வாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் சொன்ன பதில்தான் நாம் இன்று 'சாமுராய் தத்துவம்' என்று படிப்பது.

முசாஷியிலிருந்து தொடங்குவோம், எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். வாழ்க்கையின் பெரும்பகுதி அவருக்கு நிலையான எஜமானர் கிடையாது. ஊர் ஊராகப் போய், போட்டி போட்டு, கற்றுக்கொடுத்துப் பிழைத்தவர். கடைசிக் காலத்தில்தான் குமமோத்தோவில் ஹொசோகவா குடும்பத்தின் விருந்தாளியாகத் தங்கினார். 1643இல் பக்கத்தில் உள்ள ரேய்கண்டோ குகையில் எழுத ஆரம்பித்து, 1645இல் இறப்பதற்குச் சில நாள் முன்பு சீடர் ஒருவரிடம் கொடுத்தார். மண், நீர், நெருப்பு, காற்று, வெறுமை என்று ஐந்து சுருள்கள்.

ஆரம்பத்திலேயே தன் கணக்கைச் சொல்லிவிடுகிறார்: 13 வயதில் முதல் சண்டை, 28, 29 வயதுக்குள் 60க்கும் மேற்பட்ட சண்டைகள், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. வேறு யாராவது என்றால் இதோடு நிறுத்தி மார்தட்டிக்கொண்டிருப்பார்கள். முசாஷி அடுத்த வரியில் சொல்வதுதான் எனக்கு இந்த நூலிலேயே பெரிய இடம். 30 வயதில் திரும்பிப் பார்த்தபோது, நான் ஜெயித்தது கலையின் உச்சத்தைத் தொட்டதால் அல்ல என்று தெரிந்தது என்கிறார். பிறவியிலேயே கொஞ்சம் கை வந்திருக்கலாம், அல்லது எதிரே வந்தவர்களின் வாள் பள்ளிகளில் குறை இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு காலையும் மாலையும் பயிற்சி செய்து, 50 வயதுவாக்கில்தான் புரிந்தது என்கிறார். தன் வெற்றிப் பட்டியலையே சந்தேகிக்கிற ஆள். இவரைத்தான் நாம் சுவரொட்டியில் போட்டு 'வெற்றி பெறுவது எப்படி' என்று விற்றுக்கொண்டிருக்கிறோம். ஊரே பேசுகிற சசாகி கோஜிரோவுடனான 1612ஆம் வருஷத்துச் சண்டை ஐந்து சுருள்களில் எங்கேயும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி நூல் முழுக்கக் கைவேலை சம்பந்தப்பட்டது. வாளை எப்படிப் பிடிப்பது? கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தளர்வாக, நடுவிரல் இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல், கடைசி இரண்டு விரலும் இறுக்கமாக. எதிரியைப் பார்ப்பதில் இரண்டு விதம், கண்ணால் பார்ப்பது பலவீனமாகவும் மனசால் கவனிப்பது பலமாகவும் இருக்க வேண்டும். ஆயிரம் நாள் பயிற்சி காய்ச்சி அடிப்பது, பத்தாயிரம் நாள் பயிற்சி மெருகேற்றுவது. பத்தாயிரம் நாள் என்றால் 27 வருஷம், போட்டுப் பாருங்கள். எந்தத் தொழிலாக இருந்தாலும் தனியாக உட்கார்ந்து கையால் பழகுகிறவர்களுக்கு, மிருதங்கமோ மரவேலையோ நிரல் எழுதுவதோ, இது நேராகப் போய்ச் சேரும். அவரே தளபதியின் வேலையைத் தச்சு மேஸ்திரியின் வேலையோடு ஒப்பிட்டுப் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்.

அலுவலகத்தில் மேலாளரைச் சமாளிக்க முடியாமல் இதை எடுக்கிறவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள். முசாஷிக்கு மேலாளரே கிடையாது. சக ஊழியர் கிடையாது, சம்பள உயர்வு கிடையாது, நாளைக்கும் அதே முகத்தைப் பார்க்க வேண்டிய நிர்ப்பந்தம் கிடையாது. எதிரி விழுந்தால் அடுத்த ஊருக்குப் போய்விடலாம். அவருடைய தந்திரங்களை அப்படியே கொண்டுபோய் ஒரு குழுவுக்குள் பயன்படுத்தினால் மூன்றாவது மாதம் உங்களோடு பேச ஆள் இருக்காது.

அந்த இடத்துக்கு ஆள் முனெனோரி. இவர் 1571இல் பிறந்தவர், முசாஷியைவிடப் பத்து வருஷத்துக்கும் மேல் மூத்தவர், ஆனால் வாழ்க்கை நேர் எதிர். 1594இல் அப்பா தோகுகவா இயெயாசுவுக்கு வெறுங்கையால் வாளைத் தடுக்கும் வித்தையைக் காட்டி அசத்தினார். அந்த அறிமுகத்தில் மகனுக்கு இயெயாசுவிடம் வேலை கிடைத்தது. அப்புறம் ஹிதெதாதா, இயேமிட்சு என்று இரண்டு ஷோகன்களுக்கு வாள் ஆசிரியர். 1632இல் நூலை முடித்த அதே வருஷம் பிரபுக்களைக் கண்காணிக்கும் பதவியும் வந்தது, 1636இல் அவரே பத்தாயிரம் கொகு வருமானமுள்ள பிரபு ஆனார். ஒரு கொகு என்பது ஏறக்குறைய ஒரு ஆள் ஒரு வருஷம் சாப்பிடுகிற அரிசி. வாள் கற்றுக்கொடுத்தே இந்த அளவு உயர்ந்தவர் அந்தக் காலத்தில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

அவர் எழுதுவதிலும் அந்த வாசனை அடிக்கிறது. ஆயுதம் அமங்கலமான பொருள், வேறு வழியில்லாதபோது மட்டும் எடுப்பதுதான் விண்ணின் வழி என்று தொடங்குகிறார். ஒருவன் செய்யும் தீமையால் பத்தாயிரம் பேர் துன்பப்பட்டால், அந்த ஒருவனைக் கொன்று பத்தாயிரம் பேரை வாழவைப்பது உயிர் கொடுக்கும் வாள் என்கிறார் (கண்காணிப்பு அதிகாரி கையில் இந்த வாதம் எவ்வளவு வசதியானது என்பதையும் யோசித்துக்கொண்டேதான் நான் படிப்பேன்). நாலு பேர் இருக்கிற சபையில் யார் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பேசுவது, எப்போது எழுந்துபோக வேண்டும் என்று தெரிந்து எழுந்துபோவது, இதுவும் போர்க்கலைதான் என்று சொல்கிற ஒரே ஆள் இவர். முசாஷியிடம் இது கிடைக்காது.

முனெனோரியிடம் இன்னொரு பகுதி இருக்கிறது, அதற்காக மட்டுமே நூலை வாங்கலாம். நோய்களின் பட்டியல். ஜெயிக்க வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருப்பது நோய். கற்ற வித்தையைக் காட்ட வேண்டும் என்று துடிப்பது நோய். தாக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது நோய், காத்திருந்தே தீர வேண்டும் என்பதும் நோய். கடைசியில், இந்த நோய்களையெல்லாம் போக்கிவிட வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்பதும் நோய்தான் என்று முடிக்கிறார். நாம் காலையில் 5 மணிக்கு எழுவதற்கு ஒரு செயலி, அதைக் கண்காணிக்க இன்னொரு செயலி, எழாத நாளில் குற்ற உணர்ச்சி என்று சுற்றுகிறோமே, அந்தக் கடைசி நோய்க்கு வேறு எந்த வீரரும் இவ்வளவு நேராகப் பெயர் வைக்கவில்லை. வழி என்ன என்றால், முதலில் நினைப்பால் நினைப்பை விரட்டு, அப்புறம் விரட்டுவதையும் விட்டுவிட்டு நோயோடேயே கலந்து இரு என்கிறார். இதைச் சொல்வது எளிது.

இந்தச் சிந்தனை அவருக்கு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி தாகுவானிடமிருந்து. 1573இல் பிறந்த ஜென் துறவி, கியோத்தோவின் தைதோகு-ஜிக்கு 1609இல் தலைவராக்கப்பட்டு மூன்றே நாளில் பதவியை விட்டுவிட்டுப் போனவர். துறவிகளுக்குச் ஊதா அங்கி வழங்குவது யார் உரிமை, பேரரசரா ஷோகனா என்ற தகராறில் ஷோகன் அரசை எதிர்த்து நின்று 1629இல் வடக்கே நாடுகடத்தப்பட்டார். 1632இல் மன்னிப்பு. அதற்குப் பிறகு ஷோகன் இயேமிட்சுவே கூப்பிட்டு ஷினகவாவில் கோயில் கட்டிக்கொடுத்தார். வேண்டாம் என்கிறவருக்குத்தான் எல்லாம் தேடி வரும் போலிருக்கிறது. (ஜென் என்றதும் போதிதர்மர், காஞ்சிபுரம் என்று நம்மவர்கள் கிளம்புவார்கள், அந்தப் பக்கம் இப்போது போகவில்லை.)

முனெனோரிக்கு அவர் எழுதிய கடிதத்தின் சாரம் ஒன்றுதான்: மனசு எங்கே நின்றுவிடுகிறதோ அங்கே தோல்வி. எதிரியின் வாளில் நின்றால் அந்த வாள் உன்னைப் பிடித்துக்கொள்ளும், உன் வாளில் நின்றால் உன் வாளே உன்னைப் பிடித்துக்கொள்ளும். ஆயிரம் கை கொண்ட கன்னோன், அதாவது அவலோகிதேஸ்வரர் என்ற போதிசத்துவர், வில் பிடித்த ஒரு கையில் மனசை நிறுத்தினால் மீதி 999 கையும் வீண். தண்ணீரில் மிதக்கும் சுரைக்காயைக் கையால் அழுத்தினால் நழுவி நழுவிப் போகும், மனசு அப்படி இருக்கட்டும் என்கிறார். ஆக, மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவரிடம் தாகுவான் கேட்பது, அது எங்கேயோ நின்றுவிட்டதுதானே உன் பிரச்சினை என்று. பழைய அவமானத்தில், நாளைய தேர்வில், கைப்பேசியில். பூனையைக் கயிற்றில் கட்டிவைப்பது ஆரம்பப் பயிற்சி, குருவி பக்கத்தில் இருந்தாலும் கட்டு அவிழ்த்துவிடக்கூடிய பூனையை உண்டாக்குவதுதான் குறி.

கடிதத்தின் கடைசிப் பகுதியைப் பலர் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் ருசி. அதுவரை பூவாகப் பேசிவந்த தாகுவான் அங்கே முனெனோரியைப் பிடித்து உலுக்குகிறார். உன் மகன் நடத்தை சரியில்லை என்றால் முதலில் உன்னைத் திருத்து. பரிசு கொண்டுவரும் பிரபுக்களுக்குச் சாதகமாக நடக்கிறாய் என்று கேள்விப்படுகிறேன். நோ என்ற ஜப்பானிய மரபு நாடகத்தில் உன் ஆட்டத்தைப் பற்றி உனக்கே பெரிய எண்ணம், பிரபுக்கள் வீட்டுக்கு வலியப் போய் ஆடுகிறாயாமே. நாட்டிலேயே செல்வாக்கான வாள் ஆசிரியருக்கு இப்படி எழுத ஒரு நண்பர் இருந்தார். தன்னை ஆள்வது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களிடமும் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனி ஹாகாகுரே. இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். யாமாமோதோ ட்சுனேதோமோ 1659இல் பிறந்தவர், கியூஷூவில் சாகா பிரபுவிடம் சின்ன வயதிலிருந்தே சேவகம், பெரும்பாலும் எழுத்துவேலை. ஒரு போரையும் பார்த்ததில்லை. கவிதைப் பித்துப் பிடித்த தன் பிரபு 1700இல் சாகக் கிடந்தபோது, கியோத்தோவிலிருந்து கவிதைக் கலையின் ரகசிய ஏடுகளைக் கொண்டுவந்து சேர்த்ததுதான் அவர் செய்த பெரிய சேவை. பிரபு இறந்ததும் கூடவே வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக வேண்டும் என்பது பழைய வழக்கம். ஆனால் அந்தப் பிரபுவே 1661இல் அதைத் தடை செய்திருந்தார். சாக முடியாமல் மொட்டையடித்துத் துறவியானார். 1710இலிருந்து 1716வரை, வேலை இழந்த ஓர் இளைஞர் வந்து கேட்கக் கேட்க அவர் சொன்னதும் வேறு இடங்களில் சேகரித்ததுமாக 11 தொகுதிகள், 1300க்கும் மேற்பட்ட பகுதிகள். படித்துவிட்டு எரித்துவிடு என்ற குறிப்போடு.

'சாமுராயின் வழி என்பது சாவு என்று கண்டுகொண்டேன்' என்ற அந்தப் பிரபலமான வரி இங்கேதான் வருகிறது. சாக அனுமதி கிடைக்காத ஓய்வுபெற்ற எழுத்தர் சொன்னது என்று தெரிந்து படிப்பதற்கும், போர்க்களத்து வீரன் சொன்னது என்று நினைத்துப் படிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். 1930, 40களில் ஜப்பானில் இதைச் சிப்பாய்களுக்கு ஊட்டி என்ன செய்தார்கள் என்பதும் மறக்கக் கூடாத கதை.

ஆனால் அந்த வரியைத் தாண்டினால் ஹாகாகுரே முழுக்க அலுவலக நடத்தை. நாளைக்குச் செய்ய வேண்டியதை முந்தின நாள் இரவே யோசித்துவை. வெளிறிய முகத்தோடு யார் முன்னாலும் போகாதே, சட்டைக் கையில் கொஞ்சம் சிவப்புப் பொடி வைத்துக்கொள். திடீர் மழையில் வீட்டு ஓரமாக ஒண்டி ஒண்டி ஓடினாலும் நனையத்தான் போகிறாய், நனைவது என்று முடிவு செய்துவிட்டால் அதே நனைதல், பதற்றம் மட்டும் இருக்காது. ஏழு மூச்சுக்குள் முடிவெடு. இதெல்லாம் ஒரே நிறுவனத்தில், ஒரே ஆளுக்குக் கீழே வாழ்நாள் முழுக்க இருக்கப்போகிறவனுக்கான ஒழுக்கம்.

அதில் ஒன்று கொட்டாவி. அடுத்தவர் முன்னால் கொட்டாவி வந்தால் நெற்றியை மேல்நோக்கித் தடவு, நிற்கும். நிற்காவிட்டால் வாயைத் திறக்காமல் உதட்டை நக்கு. இதே கொட்டாவி முசாஷியின் நெருப்புச் சுருளிலும் வருகிறது. தூக்கமும் கொட்டாவியும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் அல்லவா, அதுபோல எதிரி பரபரப்பாக இருக்கும்போது நீ நிதானமாக, எதையும் கண்டுகொள்ளாதவன் போல இரு, அந்தத் தளர்ச்சி அவனுக்குத் தொற்றியதும் சட்டென்று அடி என்கிறார். ஒருவருக்குக் கொட்டாவி அவமானம், இன்னொருவருக்கு ஆயுதம். கட்டுப்பாடும் தந்திரமும் ஒரே பொட்டலத்தில் கிடைக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் இந்த இரண்டு இடத்தையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்க்கலாம்.

இதே மோதல் நாடே அறிந்த ஒரு வழக்கிலும் தெரிகிறது. 1701இல் அகோ பிரபு அசானோ, ஷோகனின் எடோ கோட்டைக்குள் கிரா என்ற அதிகாரியை வெட்டப்போய், அன்றே வயிற்றைக் கிழித்துச் சாக உத்தரவானது. அவருடைய ஆட்கள் ஒன்றரை வருஷத்துக்கும் மேல் காத்திருந்து, கிரா அசந்திருந்த நேரம் பார்த்து 1703 ஜனவரி இறுதியில் வீடு புகுந்து தலையை எடுத்தார்கள். தந்திரம் என்று பார்த்தால் அப்பழுக்கில்லாத வேலை. ட்சுனேதோமோவுக்குப் பிடிக்கவே இல்லை. அதற்குள் கிரா நோயில் செத்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்கிறார். தோற்றாலும் உடனே பாய்ந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள். எந்த நூல் உங்களுக்கு ஒத்துவரும் என்பது பாதி தெரிந்துவிடும். நான் காத்திருந்தவர்கள் பக்கம்தான். ஆனால் தொழில் தொடங்கப்போகிறேன் என்று ஐந்தாறு வருஷமாகத் திட்டம் மட்டும் போட்டுக்கொண்டிருப்பவருக்கு ட்சுனேதோமோவின் கேள்விதான் உறைக்கும்.

நிதோபேயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1862இல் சாமுராய்க் குடும்பத்தில் பிறந்தவர், 1876இல் பொது இடத்தில் வாள் வைத்துக்கொள்ளத் தடை வந்தபோது பதின்வயதுப் பையன். குவேக்கர் கிறிஸ்தவர், மனைவி அமெரிக்கர், பின்னாளில் உலக நாடுகள் சங்கத்தில் துணைப் பொதுச்செயலாளர். மேற்கத்தியர்களுக்கு ஜப்பானை விளக்க, அமெரிக்காவில் இருந்தபோது ஆங்கிலத்தில் எழுதி 1900வாக்கில் வெளியிட்ட நூல் இது. நேர்மை, துணிவு, கருணை, மானம் என்று சுவரில் ஒட்டும் பட்டியல்கள் பெரும்பாலும் இங்கிருந்து வந்தவைதான். நல்ல உரைநடை, நல்ல மனிதர். ஆனால் இது வெளியாருக்கான அறிமுக உரை, பயிற்சி நூல் அல்ல.

சரி, ஒன்றுதான் வாங்கப்போகிறேன் என்கிறவருக்கு என் தேர்வு தாகுவானின் கடிதம். ஒரே மாலையில் முடித்துவிடலாம், வாளைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம், அப்புறம் முனெனோரியைப் படித்தால் அந்த நோய்ப் பட்டியல் இரண்டு மடங்கு புரியும். அலுவலக அரசியலில் சிக்கியிருப்பவர் இந்த வரிசையை மாற்றி முனெனோரியிடமே நேராகப் போகலாம். கையில் ஒரு தொழிலோ கலையோ இருந்து, அதில் ஐந்தாறு வருஷம் உழைத்து ஒரு இடத்தில் தேங்கி நிற்பவருக்கு மட்டும் முசாஷியை முதலில் சொல்வேன். ஹாகாகுரேயை முதல் நூலாக யாருக்கும் சொல்ல மாட்டேன், 20 வயதுப் பையன்களுக்கு நிச்சயமாக இல்லை. எடுத்தால், சாவு பற்றிய வரிகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்த பதிப்பாக இல்லாமல் மழையும் கொட்டாவியும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

முசாஷியை வாங்கிவிட்டு நீர்ச் சுருளில் காலை எப்படி வைப்பது, வெட்டை எப்படி இறக்குவது என்று போகிற பக்கங்களில் மாட்டிக்கொண்டால், வெட்கப்படாமல் தாண்டி நான்காவதான காற்றுச் சுருளுக்குப் போய்விடுங்கள். மற்றப் பள்ளிகளை வரிசையாகப் பிடித்து வறுக்கிற பகுதி அது: நீள வாளை நம்புகிறவர்கள், குட்டை வாளை நம்புகிறவர்கள், வேகத்தை நம்புகிறவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. ஒரு நாளில் நாற்பது, ஐம்பது ரி தூரம் போகிற கால்நடையாகவே போகும் தூதர்கள் காலையிலிருந்து மாலைவரை தலைதெறிக்க ஓடுவதில்லை என்று அங்கே சொல்கிறார், ஒரு ரி ஏறக்குறைய 4 கிலோமீட்டர்.